கருவாடு காயும் காட்சி

ஓடிக்கொண்டிருக்கும் படத்தை நடுவில் விட்டுவிட்டு முன்னால் நகர்த்தலாமா என்று யாராவது கேட்டால், கூடவே கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நகர்த்தினேன். அதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் நகர்த்துவேன் என்றே தோன்றுகிறது. இந்த இரண்டும் எனக்குள் எப்படி ஒன்றாக இருக்கின்றன என்று எனக்கே விளங்கவில்லை.

சிங்கப்பூரில் ஒரு பிலிப்பினோ படத்தைத் திரையிட்டோம்; கணினியில் நான் இருந்தேன். அன்று எல்லாமே தாமதம். அரங்கில் எங்களுக்கு முன்பு நடந்த பாட்டுப் போட்டி இழுத்துக்கொண்டே போனது. பிறகு இயக்குநர் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்த துணைவரிகள் எங்கள் கணினியில் வெறும் கட்டங்களாக வந்தன. அதைச் சரிசெய்து படத்தைப் போடும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. படமோ மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஞாயிறு விடுப்பில் வரும் பிலிப்பினோ பணிப்பெண்களில் பலர் ஒன்பது மணிக்குள் முதலாளி வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எட்டு மணிக்குப் பின்வரிசைகளில் கைப்பைகள் மூடப்படும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அவர்களில் என் மேசைக்கு வந்த ஒருவரை நான் ஆத்தே என்று, அக்கா முறை வைத்துத்தான் அழைப்பேன். அவர் மூத்தவராக இருந்தும் மரியாதைக்காக என்னைக் கூயா என்பார்; அண்ணன் முறை.

"கூயா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல், ஆத்தே."

"எட்டரைக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மா ஊருக்கு வருகிறாளா இல்லையா, அதை மட்டும் காட்டிவிடுங்கள்."

திரையில் அப்போது பிலிப்பைன்சின் இலோயிலோ மாகாணத்துக் கடற்கரை ஒன்றில் பாட்டி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். மூங்கில் தட்டியில் வயிறு பிளந்து உப்பிட்ட மீன்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் போடுகிறாள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறாள். பிள்ளையின் தாய் குவைத்தில் வேலையில் இருக்கிறாள். கேமரா அசையவே இல்லை. தட்டியின் நிழல் மணலில் மெல்ல நீள்கிறது. அவ்வளவுதான் காட்சி.

இயக்குநர் முன்வரிசையில் இருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நண்பர்கள் பிறகு சொன்னார்கள். கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார். அவர் மறுத்த பிறகு என்னால் நகர்த்தியிருக்க முடியாது. பாதி அரங்கம் முடிவு தெரியாமலே பஸ் ஏறியிருக்கும். அந்தப் படமே அவர்களைப் பற்றியது. அவர்களுக்கென்றுதான் ஊர் ஊராக அதை எடுத்துக்கொண்டு அலைகிறோம். கடைசி இருபது நிமிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். மௌஸை ஒருமுறை அழுத்தியதோடு சரி.

அரங்கம் காலியான பின் இயக்குநர் வந்தார். கோபம் இல்லை. கேபிள்களைச் சுருட்டுவதற்கு உதவினார். "அந்தக் கருவாட்டுக் காட்சிக்காகத்தான் இந்தப் படத்தை எடுத்தேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த வாக்கியத்தின் கனம் எனக்குத் தெரியும். 35 எம்எம் பிலிமில் ஆயிரம் அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடம்தான் ஓடும். ஒவ்வொரு அடிக்கும் காசு. மினி டிவி (MiniDV) என்ற டிஜிட்டல் வீடியோ டேப் வந்தபோது ஒரு மணி நேரம் நிறுத்தாமல் எடுக்க முடிந்தது. பிலிப்பைன்சில் ஸ்டூடியோ வாசலைக்கூட மிதிக்க முடியாத இளைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. அங்குள்ள இயக்குநர் ஜான் ரெட் 1999இலேயே டிஜிட்டலில் முழுநீளப் படம் எடுத்தார். 2005இல் மணிலாவின் கலாச்சார மையத்தில் சினிமலாயா என்ற சுயாதீனத் திரைப்பட விழா தொடங்கியபோது, தேர்வான படம் ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் பெசோ தொடக்க உதவி கொடுத்தார்கள். பிலிமில் அந்தப் பணத்துக்கு முழுப்படம் எடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இன்னொரு பிலிப்பினோ இயக்குநர் லாவ் டியாஸ் பல ஆண்டுகள் போராடி, 16 எம்எம் பிலிமில் தொடங்கி டிஜிட்டலில் முடித்து, 2004இல் வெளிக்கொண்டுவந்த படம் ஏறத்தாழ 10 மணி நேரம். அதில் வயலில் ஒருவர் நடந்தால் கண்ணை விட்டு மறையும்வரை பார்க்கலாம். இவர்கள் போராடிப் பெற்றது காலம். அதைத்தான் நான் ஓர் அழுத்தில் கடந்துபோனேன்.

ஆனால் ஆத்தேயிடம் இல்லாததும் அதே காலம்தான். வாராந்தர ஓய்வு நாள் என்பதே சிங்கப்பூரில் 2013 ஜனவரிக்குப் பிறகுதான் சட்டமாக வந்தது. அதிலும் ஓய்வுக்குப் பதில் சம்பளம் என்று ஒத்துக்கொள்ள இடம் இருந்தது. கிடைக்கும் ஞாயிறில் தேவாலயம், லக்கி பிளாசா கடைத்தொகுதியில் பணம் அனுப்பும் வரிசை, ஊருக்கு அனுப்பும் பலிக்பயன் பெட்டிக்குச் சோப்பும் சாக்லேட்டும் வாங்குவது, இவ்வளவுக்கும் நடுவில்தான் எங்கள் படம். மூன்று மணி நேரத்தை அப்படியே எடுத்துக்கொடுத்தவரிடம் போய், கலைஞரின் காலத்தை மதியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐரோப்பிய விழாக்களில் இதே நீளத்தைப் பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு யாருடைய பிள்ளைக்கும் சிற்றுண்டி கட்டும் வேலை இல்லை.

இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடி ஓரளவு அமைதியாகத்தான் இருந்தேன். அடுத்த வாரம் ஆத்தேயைப் பார்த்தேன். படம் பிடித்ததா என்று கேட்டேன். தன் ஊர்ப் பேச்சைத் திரையில் கேட்டதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். தொலைக்காட்சியில் பெரும்பாலும் தகலாக் மொழிதான். தன் ஊர் மொழியான ஹிலிகைனோனில் ஒரு முழுப்படம் அவர் அதுவரை பார்த்ததில்லை. பிறகு சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஆனால் அந்த அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள், கூயா. அப்படியெல்லாம் வர முடியாது."

நான்தான் நடுவில் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். தெரியும், நான்தானே கேட்டேன் என்றார். பிறகும், "சீக்கிரம் வந்துவிட்டாள்" என்றே மறுபடி சொன்னார். அவருடைய மகனை அவர் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதை வைத்து, இயக்குநர்தான் சரி, காத்திருப்பைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு வருகை விளங்காது என்று முடித்துவிடலாம். அதையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. காத்திருப்பு என்னவென்று ஆத்தேக்குத் திரையில் காட்டித்தான் தெரிய வேண்டுமா? அப்படியானால் அவர் எதைத் தேடினார்? தன் காத்திருப்பை இன்னொருவர் பொறுமையாக உட்கார்ந்து படம் பிடித்திருக்கிறார் என்பதையா? அந்தக் காட்சியில் சில நிமிடம் அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அதன் பிறகுதானே எழுந்து வந்தார்.

அந்த இயக்குநர் மீண்டும் எழுதியிருக்கிறார். புதிய படம், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கணினியில் நான்தான் இருப்பேனா என்று கேட்டிருந்தார். இருப்பேன், பிற்பகல் ஒரு மணிக்கே தொடங்குவோம் என்று பதில் போட்டேன். சம்மதித்தார். ஆத்தேயிடம் சொன்னபோது, ஒரு மணிக்கு அவரால் வர முடியாது என்றார். அந்த ஞாயிறுதான் பெட்டி எடுக்க ஆள் வருகிறான். ஐந்து மணிக்கு வைக்க முடியுமா என்று கேட்டார். ஐந்துக்கு வைத்தால் மற்றவர்களுக்கு மீண்டும் அதே எட்டரைப் பிரச்சினை. இயக்குநருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.