கோவிந்தா என்று ஓடிச் சிவனைக் காணும் ஊர்

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகல். முஞ்சிறை திருமலைக் கோயில் படிகளில் காவி வேட்டியும் பனையோலை விசிறியுமாகக் கூடியிருப்பவர்கள் அத்தனை பேரும் சிவனைத்தான் தொழ வந்திருக்கிறார்கள். ஆனால் குரல் எழும்போது கேட்பது "கோவிந்தா... கோபாலா!" கன்னியாகுமரி மாவட்டத்தின் பன்னிரண்டு சிவாலயங்களையும் சுற்றிவரும் சிவாலய ஓட்டம் இப்படித்தான் கிளம்புகிறது. ஊர் வழக்கில் இது சாலயம் ஓட்டம். ஓடுகிறவர்கள் கோவிந்தன்மார். கல்குளம், விளவங்கோடு வட்டாரத்துக்குள்ளேயே ஏறக்குறைய 110 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில்.

சிவன் கோயிலுக்குப் போகிறவர் வாயில் பெருமாள் பெயர் ஏன்? தருமரின் யாகத்துக்கு, பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்தின் பால் வேண்டியிருந்ததாம். அதுவோ சிவனைத் தவிர வேறு பெயர் காதில் விழக்கூடாது என்றிருக்கும் தீவிர சிவபக்தன். கண்ணன் பீமனிடம் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்பினார். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்றதும் அது கொதித்துத் துரத்தியது. பிடிபடப் போகும் நேரத்தில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான். அது லிங்கமானது. புருஷாமிருகம் கோபத்தை மறந்து பூசைக்கு உட்கார்ந்துவிட்டது. இப்படிப் பன்னிரண்டு இடங்கள். கடைசி இடத்தில் ஹரியும் ஹரனும் ஓருருவாய்க் காட்சி கொடுத்தார்கள். கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், அதே வழியில் கால் வலிக்க ஓடும்போதுதான் அது உடம்பில் இறங்குகிறது.

முதல் கோயில் இருக்கும் முஞ்சிறையே பழைய ஊர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, பக்கத்தில் பார்த்திவசேகரபுரம் கோயிலையும் 95 மாணவர்கள் படிக்கும் கல்விச்சாலையையும் அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. அரசனே ஆனாலும் கோயில் கட்ட ஊர்ச்சபையிடம் நிலத்துக்கு நிலம் கொடுத்து வாங்கியிருக்கிறான். எனக்கு இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு நிறையும்.

அடுத்தது திக்குறிச்சி, தாமிரபரணிக் கரையில். திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. இது மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும் குழித்துறை ஆறு. ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈரத்துணியோடுதான் உள்ளே போக வேண்டும். மேல்சட்டை கிடையாது. மாசிப் பனியில், இருட்டில், ஆற்றில் முங்கி எழுந்து சந்நிதி முன் நின்று விசிறியால் சுவாமிக்கு வீசும்போது பல் கிட்டும். ஓடி வந்தவருக்கு வியர்க்கிறது, அதனால் சுவாமிக்கும் வியர்க்கும் என்று நினைக்கிற அந்த அன்பு எவ்வளவு பெரிது! விசிறியில் கட்டிய சின்னத் துணிப்பையில் திருநீற்றை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டம்.

திக்குறிச்சியிலிருந்து திற்பரப்பு வரை வழி கோதையாற்றை நோக்கி மேலேறுகிறது. கடலோரத் தென்னை மறைந்து, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்துகொள்கின்றன. திற்பரப்பில் அருவிச் சத்தத்தின் பக்கத்திலேயே மகாதேவர் கோயில்.

திருநந்திக்கரையில் மட்டும் அவசரப்படாமல் இருக்க முடிந்தால் பாறையைக் குடைந்த குகைக்கோயிலையும் பார்க்க வேண்டும். சுவரில் பழைய ஓவியத்தின் கோடுகள் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. ராஜராஜ சோழன் பிறந்த ஐப்பசிச் சதயத்தன்று விழா எடுக்க, மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் மாற்றிய முட்டம் கிராமத்தைக் கொடையாகக் கொடுத்த செய்தி இங்கே கல்லில் இருக்கிறது. ஓட்டத்தில் இதற்கு நேரம் கிடைக்காது. இன்னொரு நாள் இதற்கென்றே வரலாம்.

பொன்மனை, பன்னிப்பாகம் தாண்டும்போது கால் சொன்னபடி கேட்பதில்லை. அப்போது தாங்குவது வழியோர வீடுகள்தான். வாசலில் அண்டாவில் சுக்குக் காப்பி, மோர், பானகம், சில இடங்களில் கஞ்சியும் பயறும். "மக்களே, நின்னு குடிச்சிட்டுப் போ, சாமி எங்கயும் போகாது" என்று ஒரு பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். தமிழும் மலையாளமும் கலந்து இழையும் அந்தப் பேச்சு, 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததன் அடையாளம்.

அந்தத் திருவிதாங்கூரின் பழைய தலைநகர் நடுவில்தான் அடுத்த கோயில், கல்குளம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில், கோபுரமும் ஆனந்தவல்லி அம்மன் சந்நிதியுமாக நீலகண்டசுவாமி கோயில். ஓட்டின் கீழ் அடங்கிய கோயில்களையே பார்த்து வந்த கண்ணுக்கு அந்தக் கோபுரம் திடீரென்று பாண்டி நாட்டை நினைவுபடுத்தும். மேலாங்கோடு, திருவிடைக்கோடு கடந்தால் திருவிதாங்கோடு. ஒரு ராஜ்யத்துக்கே பெயர் கொடுத்த ஊர். பிறகு திருப்பன்றிக்கோடு.

கடைசியாகத் திருநட்டாலம். குளத்தின் ஒரு பக்கம் மகாதேவர், மறுபக்கம் சங்கரநாராயணர். இதுவரை திருநீறு வாங்கிய கையில் இங்கே சந்தனம் விழும். வழி நெடுக "கோவிந்தா" என்று சொன்னதற்கு அர்த்தம் அந்தக் குளிர்ந்த சந்தனத்தில் இருக்கிறது. இதே நட்டாலத்தில்தான் 1712-இல் தேவசகாயம் பிள்ளை பிறந்தார். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இரண்டு சமயத்தாரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர்.

போக நினைப்பவர்கள் ஒரு வாரமாவது விரதமிருந்து, அதிகாலையில் வெறுங்காலில் நடந்து பழகிக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை வழியாக முஞ்சிறைக்குப் போகலாம். இப்போது பலர் வேனிலும் பைக்கிலும் சுற்றுகிறார்கள். முடியாதவர்களுக்கு அது நல்லதே. உடம்பில் தெம்பு இருப்பவர்கள் ஒரு முறையாவது ஓடியே போய்வாருங்கள்.