அறுபது டோனட்டும் மரச்சீனி மாவும்

மே 6, செவ்வாய். தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்

காலையில் பக்கத்து வீட்டு மாமி வந்தார். பேத்திக்கு 18ஆம் தேதி புது நன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். கேக் வேண்டாமாம், அறுபது டோனட் வேண்டுமாம். "கடையில வாங்குனது ரப்பர் மாதிரி இருக்கு மக்ளே. நீ பஞ்சு மாதிரி செஞ்சு தா."

மூன்று வருடமாக வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிறேன். டோனட் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இதுவரை. அதனால் ஒவ்வொரு வகையையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, எது ஏன் அப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு இறங்கலாம் என்று நினைக்கிறேன். நடப்பதை அப்படியே இங்கே எழுதி வருகிறேன்.

இன்று ஈஸ்ட் டோனட். அரை கிலோ மைதா, 240 மில்லி பால், ஒரு முட்டை, சர்க்கரையும் வெண்ணெயும் 60 கிராம் வீதம், ஈஸ்ட் 7 கிராம். பன் மாவுதான், கொஞ்சம் இளக்கமாக. பன்னிரண்டு நிமிடம் பிசைந்தபின் நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து நாலு விரலால் மெல்ல விரித்தேன். கிழியவில்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கத்து விரல் நிழலாகத் தெரிந்தது. இந்தச் சவ்வு குளூட்டன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடுகிற கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைப்பது இதுதான். சவ்வு வலுவாக இருந்தால் காற்று தங்கும், காற்று தங்கினால் பஞ்சு.

வளையம் வெட்டித் தட்டில் அடுக்கிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். அக்கா போன் வந்தது. திரும்பி வரும்போது ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டது. மே மாத வெக்கையில் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, கை பட்டதும் அப்படியே அமுங்கியது. எண்ணெயில் போட்டால் சுருங்கிப் போய் எண்ணெயைக் குடித்தது. சவ்வு தாங்குகிற அளவுக்கு மேல் காற்று ஏறிவிட்டால் இப்படித்தான். ஒன்பதும் வீண்.

மே 7, புதன்

அதே மாவு, அதே அளவு. வளையம் வெட்டியபின் அரை மணி நேரம்தான் விட்டேன். விரலால் குத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வந்து பாதியில் நின்றது. அதுதான் பதம். பள்ளம் உடனே மறைந்தால் இன்னும் பொங்கவேண்டும், அப்படியே கிடந்தால் நேற்றைய கதை.

எண்ணெய் 178 டிகிரி. ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம். இடுப்பைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு எழுந்து வந்தது. நல்ல ஈஸ்ட் டோனட்டின் அடையாளமே அந்த வெள்ளைக் கோடுதான். உள்ளே காற்று நிறைந்திருப்பதால் பாதிக்கு மேல் எண்ணெய்க்கு வெளியே மிதக்கிறது. திருப்பிப் போட்டாலும் இடுப்புப் பகுதி எண்ணெயில் முங்குவதே இல்லை. கோடு இல்லாத டோனட் கனத்துப் போனது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நடுவில் ஓட்டை ஏன் என்று அம்மா கேட்டாள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கப்பல்காரர் ஹான்சன் கிரிகரி, 1847இல் தான் பதினாறு வயதுப் பையனாகக் கப்பலில் இருந்தபோது இந்த ஓட்டையைப் போட்டதாகப் பின்னாளில் சொன்னார். ஓரம் வெந்தும் நடு வேகாமல் கிடந்ததாம். அம்மா கேட்டுவிட்டு, "உளுந்தவடைக்கும் அதுக்குத்தான போடுதோம்" என்று சொல்லி ஆட்டுக்கல் பக்கம் போய்விட்டாள். அவள் சொன்னதுதான் சரி.

மே 9, வெள்ளி

சாயங்காலம் முக்கு டீக்கடைக்குப் போனேன், வெட்டு கேக்குக்காக. பெயரில்தான் கேக், எண்ணெயில் பொரிப்பது. சின்ன வயதிலிருந்து தின்கிற பண்டம். இத்தனை நாள் இது ஒரு டோனட் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஈஸ்ட் கிடையாது, சோடாதான். வெளியே முறுகலாக, பிட்டால் பொலபொலவென்று உதிரும். கேக் டோனட் என்று வெளிநாட்டில் சொல்வதும் இதே குணம்தான்.

அண்ணாச்சி மாவு சேர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மைதாவில் நெய்யை விட்டு விரல் நுனியால் பிசறினார். முட்டை, சர்க்கரை, ஏலக்காய் கலந்ததை ஊற்றி, ஒன்றாகச் சேரும் வரைதான் புரட்டினார். நான் கையை விட்டு அழுத்தப் போனேன். "அடிச்சுப் பிசையாத மக்ளே, பொறோட்டாவா போடப்போற?" என்று தடுத்தார்.

முந்தாநாள் பன்னிரண்டு நிமிடம் பிசைந்து உண்டாக்கின சவ்வு இங்கே உண்டாகவே கூடாது. நெய் மாவுத் துகள்மேல் பூசிக்கொண்டு தண்ணீரை அண்டவிடாது, கை அழுத்தமும் இல்லை, அதனால் குளூட்டன் பின்னிக்கொள்ள வழியில்லை. சோடா விடுகிற காற்றை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால் மாவு வெடித்து வழி விடுகிறது. மைதா, முட்டை, சர்க்கரை எல்லாம் இரண்டிலும் உண்டு. கை எவ்வளவு நேரம் மாவில் இருந்தது என்பதில் ஒன்று பஞ்சாகிறது, மற்றது பொலபொலப்பாகிறது.

அண்ணாச்சி துண்டின் முனையில் கத்தியால் கீறிவிட்டு, மிதமான தீயில் போட்டார். அடியில் போய்க் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு மெல்ல மேலே வந்து, கீறின இடம் பூ மாதிரி வாய் திறந்தது. தீ அதிகமாக இருந்தால் மேல்தோல் முதலிலேயே இறுகி, திறக்க விடாது. அமெரிக்காவில் 'ஓல்டு ஃபேஷன்டு' என்கிற டோனட்டும் இப்படித்தான், 165 டிகிரி மாதிரி குறைந்த சூட்டில் நிதானமாகப் பொரித்து விரிசல் விட வைக்கிறார்கள். மாவில் புளித்த மோரோ பாலாடையோ சேரும். புளிப்பு சோடாவைக் கிளப்பிவிடும், மாவையும் மிருதுவாக்கும்.

மே 10, சனி

தயிர் விட்டு ஓல்டு ஃபேஷன்டு செய்தேன். மாவை ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து வெட்டினால் ஓரம் கூர்மையாக நிற்கிறது. விரிசல் நன்றாக விழுந்தது. கருப்பட்டிப் பாகில் முக்கினேன், விரிசலுக்குள் பாகு இறங்கி உறைந்துவிட்டது. பாதுஷா தின்ற மாதிரியே இருந்தது, அதுவும் நெய் பிசறி, சிறு தீயில் பொரிப்பதுதானே. மறுநாளும் தாங்கும். ஆனால் மாமி கேட்ட பஞ்சு இது கிடையாது.

மே 12, திங்கள்

இன்று பிரெஞ்சு க்ரல்லர் என்கிற டோனட். தண்ணீரும் வெண்ணெயும் கொதித்ததும் மைதாவைக் கொட்டிக் கிண்டவேண்டும், கொழுக்கட்டைக்குக் கிண்டுவதுபோல. ஆறியதும் முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்க்கவேண்டும். ஈஸ்டும் இல்லை, சோடாவும் இல்லை. மாவு முதலிலேயே வெந்து நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயில் அந்தத் தண்ணீர் ஆவியாகி உள்ளிருந்து ஊதுகிறது, முட்டை இறுகி அந்த வடிவத்தை நிறுத்துகிறது. மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே ஈரமான தேன்கூடு. தின்றதிலேயே எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஆனால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிட்டது. விருந்துக்கு ஆகாது.

மே 13, செவ்வாய்

ஜப்பானில் மிஸ்டர் டோனட் கடைகள் 2003இல் 'போன் டி ரிங்' என்று ஒன்றைக் கொண்டுவந்தன. எட்டு உருண்டைகள் ஒட்டிய வளையம். கடித்தால் இழுவையாக வரும், பல்லுக்கு இதமாக எதிர்த்து நிற்கும். அந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பிரேசில் நாட்டுச் சீஸ் ரொட்டியில் போய் நின்றது. அதற்கு மாவு மரவள்ளி. நம்முடைய மரச்சீனி!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தக் கிழங்கை 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுவதும் பயிரிட வைத்தார். அப்போது நாமும் திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1இல்தான் இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தப் பக்கத்தில் வயிற்றை நிறைத்தது மரச்சீனி என்று பாட்டி சொல்லாத நாள் இல்லை.

இரண்டு கிலோ வாங்கித் தோல் சீவித் துருவி, தண்ணீர் விட்டு, மல் துணியில் பிழிந்தேன். பால் போன்ற தண்ணீர் இறங்கியது. நாலு மணி நேரம் வைத்து, மேலே தெளிந்ததைக் கொட்டினேன். கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே, அதன் நஞ்சு தண்ணீரோடு போகவேண்டும். இரண்டு தடவை நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளிய வைத்தேன். அடியில் படிந்ததை விரலால் அழுத்தினால் சுண்ணாம்புக் கட்டியாக நின்றது. அள்ளி உள்ளங்கையில் வைத்தால் விரலிடுக்கில் ஒழுகியது. மறுபடி பிடித்தால் கட்டி, விட்டால் ஒழுக்கு. பாட்டியும் நானும் மாறி மாறி அதையே செய்துகொண்டிருந்தோம்.

வெயிலில் காய வைத்திருக்கிறேன். 300 கிராம் தேறும்.

மே 15, வியாழன்

முதலில் முழுக்க மரச்சீனி மாவிலேயே செய்தேன். அது தப்பு. மேல்தோல் கண்ணாடி மாதிரி இறுகி, ஆவிக்குப் போக இடமில்லாமல் ஒரு உருண்டை பட்டென்று வெடித்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்துவிட்டது. யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம் பாதிக்குப் பாதி. 100 கிராம் மரச்சீனி மாவில் கொதிக்கிற பாலும் வெண்ணெயும் ஊற்றிக் கிண்டினேன். பசை மாதிரி ஆனது. ஆறவிட்டு ஒரு முட்டை, 100 கிராம் மைதா, சர்க்கரை, ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர். எட்டுச் சின்ன உருண்டைகளை பட்டர் பேப்பரில் வட்டமாக ஒட்டவைத்து, பேப்பரோடு எண்ணெயில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் பேப்பர் தானாகக் கழன்றது, இடுக்கியால் எடுத்துவிட்டேன்.

மேலே லேசான மொறுமொறுப்பு. உள்ளே இழுத்தால் நீண்டு, அப்புறம்தான் அறுந்தது. இங்கே குளூட்டனுக்குப் பெரிய வேலை இல்லை, ஸ்டார்ச்தான் எல்லாம். ஸ்டார்ச்சில் அமைலோஸ் என்று ஒரு பகுதி உண்டு, ஆறியதும் இறுகி விறைக்க வைப்பது அது. கோதுமை ஸ்டார்ச்சில் அது நூற்றுக்கு 25 பங்கு இருக்கும், மரச்சீனியில் 17 பக்கம்தான். அதனால் ஆறினாலும் இழுவை போகவில்லை. காலையில் பொரித்ததை ராத்திரி தின்றேன், அப்படியே இருந்தது.

மாமியிடம் சொல்லிவிட்டேன், முப்பது ஈஸ்ட், முப்பது மரச்சீனி. அவருக்குச் சம்மதம். இன்னும் நாலு கிலோ கிழங்கு வாங்கித் துருவி மாவு எடுக்கவேண்டும்.

மே 17, சனி

ஈஸ்ட் மாவு பிசைந்து பிரிட்ஜில் வைத்தாயிற்று. குளிரில் மெதுவாகப் பொங்கும், வாசமும் கூடும். காலை நாலு மணிக்கு எடுப்பேன்.

எண்ணெய் பற்றி ஒன்று. கடாயில் கிடக்கும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழைவதில்லை. வெளியே எடுத்து ஆறும்போது உள்ளே ஆவி அடங்கி, தோலில் ஒட்டிய எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் எடுத்த உடனே கடாய்க்கு மேலேயே நன்றாக உதறி, கம்பி வலையில் வைக்கவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு பாதியாவது குறைகிறது.

மே 18, ஞாயிறு

எட்டு மணிக்குள் அறுபதும் முடிந்தது. ஈஸ்ட் முப்பதிலும் வெள்ளைக் கோடு விழுந்தது. வெறும் சர்க்கரை தூவினேன், பாகு இந்த ஈரக் காற்றில் கசிந்துவிடும். மரச்சீனி வளையங்களுக்குக் கருப்பட்டித் தூள்.

பூசை முடிந்து மத்தியானம் விருந்து. வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக அந்தப் பெண் பிள்ளை வளையத்திலிருந்து உருண்டையாகப் பிய்த்து, எட்டையும் எண்ணித் தின்றது. மாமி ஈஸ்ட் டோனட்டை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டி ஒன்றை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றாள். "இது நம்ம மரச்சீனில்லா!"

மிஞ்சின நாலை டீக்கடை அண்ணாச்சிக்குக் கொண்டுபோனேன். கட்டைவிரலால் அமுக்கி, அது எழும்பி வருவதைப் பார்த்தார். மறுபடியும் அமுக்கினார். "மாவு கொஞ்சம் கொண்டா மக்ளே. வெட்டு கேக்குல ஒரு பிடி போட்டுப் பாக்கணும்."

கால் கிலோ பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.