சார்ட் கட்டளையும் என் புத்தகப் பட்டியலும்

படித்து முடித்த புத்தகங்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து வைப்பது வழக்கம். வரிக்கு ஒரு புத்தகம்: தலைப்பு, ஆசிரியர், முடித்த தேதி, பக்கங்கள். நடுவில் '|' கோடு. இதை வரிசைப்படுத்த லினக்ஸில் இருக்கும் சார்ட் (sort) கட்டளை போதுமா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் பக்கங்கள். பிரிக்கும் குறி எது என்று -டி (t) சொல்லும்; எந்த ஃபீல்டு, அதாவது கோடுகளால் பிரிந்த எந்தப் பகுதி என்று -கே (k) சொல்லும். -டி '|' -கே 4,4 கொடுத்தால் 1020 பக்கப் புத்தகம் 96 பக்கப் புத்தகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் அப்படித்தான் வரும். கடைசியில் ஓர் என் (n) சேர்த்ததும் எண்ணாகப் பார்த்தது. கோட்டை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதை பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குறி, என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஆசிரியர் வாரியாக, ஒரே ஆசிரியர் என்றால் பக்க வாரியாக. இங்கேதான் விஷயம் இருக்கிறது. -கே 2 என்றால் இரண்டாவது ஃபீல்டு மட்டும் அல்ல, அங்கே தொடங்கி வரியின் கடைசி வரை. ஆகவே -கே 2 -கே 4,4என் என்று ஓட்டினால் ஒரே ஆசிரியரின் புத்தகங்கள் தேதி எழுத்துகளின் வரிசையில் வருகின்றன. இரண்டாவது கீக்கு (-கே 4,4என்) வேலையே வருவதில்லை. -கே 2,2 என்று முடிவிடத்தையும் சொன்னதும் சரி. க்னூ சார்ட்டில் (லினக்ஸில் வழக்கமாக இருப்பது இதுதான்) --டீபக் சேர்த்தால், ஒப்பிடும் பகுதியின் கீழே கோடு போட்டே காட்டுகிறது. மேனுவலை நாலு தரம் படிப்பதைவிட இது மேல்.

தேதி 07-03-2021 மாதிரி இருப்பதால் நாள்தான் முன்னால் நிற்கும். ஃபீல்டுக்குள் எத்தனையாவது எழுத்து என்றும் சொல்லலாம் என்பது கைகொடுத்தது: -கே 3.7,3.10 -கே 3.4,3.5 -கே 3.1,3.2. ஆண்டு, மாதம், நாள். ஒற்றை இலக்க நாளுக்கும் முன்னால் 0 இருந்தாக வேண்டும்.

முடிவை அதே ஃபைலில் சேமிக்க -ஓ (o). '>' போட்டு அதே ஃபைலுக்குத் திருப்பினால், சார்ட் படிப்பதற்கு முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும்.

தலைப்பு வரிசைதான் இன்னும் பாக்கி. எல்சி_ஆல்=சி (LC_ALL=C, எந்த மொழியின் வரிசையையும் பார்க்காத அமைப்பு) வைத்தால் யூனிகோடு எண் வரிசைப்படி மழை முன்னாலும் மவுனம் பின்னாலும் வருகின்றன; நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பிறகுதான் ழகரம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து ஐந்தாவதாக ஒரு ஃபீல்டு சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.