மூடியைத் திறந்த பிறகுதான் க்ரீம்

சிக்கன், பால், க்ரீம், மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் கொட்டி மூடிவைத்தால் போதும், அரை மணி நேரத்தில் டின்னர் தயார் என்று சொல்லும் சமையல் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. சமைப்பவர் நல்ல கறி வாங்கியிருப்பார், நல்ல க்ரீம் வாங்கியிருப்பார். மூடியைத் திறக்கும்போது மேலே எண்ணெய் தனியாக மிதக்கும், அடியில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கிடக்கும். சிக்கன் வெந்திருக்கும்தான். ஆனால் க்ரீமி சிக்கன் என்று ஆசைப்பட்டு உட்கார்ந்தவருக்கு அது வராது.

எங்கள் வீட்டில் வேலை முடிந்து நான் வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். அத்தைக்குப் பல் செட். கறி பஞ்சாக வேகாவிட்டால் தட்டை மெல்ல ஒதுக்கிவைத்து, "எனக்குப் பசி இல்லம்மா" என்பார். பையனுக்கோ குழம்பு கெட்டியாக, வழவழவென்று இருக்க வேண்டும். கறி நன்றாக வேக அதிகச் சூடு வேண்டும், க்ரீம் வழவழப்பாக நிற்கக் குறைந்த சூடு வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே ராத்திரியில் தர குக்கரால் முடியும், எதை எப்போது உள்ளே விடுகிறோம் என்று தெரிந்தால்.

குக்கருக்குள் நடப்பதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவியாகுமே தவிரச் சூடு ஏறாது. குக்கரில் வெயிட் போட்டதும் ஆவிக்கு வெளியேற வழி இல்லை, அழுத்தம் ஏறுகிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இன்னொரு மடங்கு உள்ளே சேரும்போது, அதாவது அழுத்தத்தை அளக்கும் கணக்கில் 15 பிஎஸ்ஐ கூடும்போது, தண்ணீர் 121 டிகிரியில்தான் கொதிக்கிறது. இந்த 21 டிகிரிதான் நேரத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது.

இதை முதலில் செய்துகாட்டியவர் டெனி பாபின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ல், லண்டனில். கனத்த உலோகப் பாத்திரம், இறுக்கமான மூடி. அழுத்தம் எல்லை மீறினால் ஆவியை வெளியே விட ஒரு வால்வையும் அவரே சேர்த்தார். 1682-ல் லண்டன் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்காரர்கள் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள், எலும்புகூட மெத்தென்று ஆகியிருந்ததாம். அவர் பாத்திரத்தைச் செய்ததே எலும்பிலிருந்து சத்தை எடுக்கத்தான். அதனால் எலும்போடு சமைப்பதுதான் குக்கருக்கு நாம் செய்யும் நியாயம் என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே நான் எப்போதும் தொடைக்கறி கட்சி. தொடையிலும் காலிலும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய உண்டு. 70 டிகிரிக்கு மேலே கொஞ்ச நேரம் இருந்தால் அது இளகி ஜெலட்டினாக மாறி குழம்பில் இறங்கும். உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தப் பதம் அதிலிருந்து வருவது. க்ரீம் ஊற்றுவதற்கு முன்பே குழம்பில் பாதி க்ரீமித்தன்மை வந்துவிடும், அதனால் க்ரீமும் குறைவாகவே பிடிக்கும். நெஞ்சுக்கறியில் கொலாஜன் சொற்பம். 74 டிகிரி எட்டியவுடனே அது தின்னத் தயார். அதற்கு மேல் போகப்போக நார்கள் சுருங்கி, உள்ளே இருக்கிற தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும். குக்கரில் அந்த எல்லையில் நிறுத்துவது கஷ்டம். நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்பவர்கள் பெரிய துண்டாகவே போட்டு, நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வெந்த பிறகு நறுக்கிக்கொள்ளுங்கள்.

நான் நாலு பேருக்குச் செய்யும் அளவு இது: தோல் நீக்கிய, எலும்புள்ள தொடைக்கறி 800 கிராம். பெரிய வெங்காயம் 2, பூண்டு 8 பல், பட்டன் காளான் 200 கிராம், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, தண்ணீர் 200 மில்லி, ஃபிரெஷ் க்ரீம் 150 மில்லி, கார்ன்ஃப்ளோர் இரண்டு தேக்கரண்டி, அரை எலுமிச்சம்பழம், உப்பு. உலர்ந்த தைம் இலை இருந்தால் ஒரு சிட்டிகை. இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

முதல் வேலை கறியைத் துணியாலோ பேப்பராலோ ஒற்றி ஈரம் போக்குவது. இதைத் தாண்டிப் போகாதீர்கள். குக்கரை மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 121-ஐத் தாண்டாது. கறி நன்றாகச் சிவந்து, வறுத்த வாசனை வர 140 டிகிரி பக்கம் போக வேண்டும். ஆக, நிறமும் வாசனையும் மூடிக்கு முன்னால்தான். ஈரக்கறியைப் போட்டால் அந்த ஈரம் ஆவியாகி முடியும்வரை 100 டிகிரியிலேயே நிற்கும், கறி வெளுத்துப்போய் வேகும்.

குக்கரை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி, கறியை இரண்டு தடவையாகப் போடுங்கள். ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. போட்டதும் கிளறாதீர்கள். மூன்று, நான்கு நிமிடம் கழித்து அது தானாகவே அடியை விட்டு வரும், அப்போது திருப்புங்கள். இரண்டு பக்கமும் சிவந்ததும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். உள்ளே வெந்திருக்காது, வேகவும் வேண்டாம்.

அதே குக்கரில் வெண்ணெய் போட்டு, காளானைப் பெரிய தீயில் வதக்கி, அது விட்ட தண்ணீர் வற்றி ஓரம் சிவந்ததும் அதையும் தனியே எடுத்துவிடுங்கள். காளானைப் பிரஷரில் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆறிப்போன ரப்பர் மாதிரி ஆகிவிடும், அது விட்ட தண்ணீர் குழம்பையும் நீர்க்கச் செய்யும். அடுத்து வெங்காயம், ஒரு சிட்டிகை உப்போடு. பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகில் பாதியையும், தைம் இருந்தால் அதையும் தூவி, வாசனை வந்ததும் தண்ணீரை ஊற்றுங்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதை மரக்கரண்டியால் ஒரு இடம் விடாமல் சுரண்டிக் கரைத்துவிட வேண்டும். இரண்டு காரணம். குழம்பின் சுவை மொத்தமும் அதில்தான் இருக்கிறது. அதை அப்படியே விட்டு மூடினால் பிரஷர் ஏறும்போது கருகி அடிப்பிடிக்கும். கரைந்து, தண்ணீர் காபி நிறத்துக்கு வந்த பிறகு கறியையும் தட்டில் ஊறி நின்ற சாறையும் சேர்த்து மூடுங்கள். உருளைக்கிழங்கு வேண்டுமானால் பெரிய துண்டாக இப்போதே போடலாம். மாவு எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். கெட்டியான குழம்பில் ஆவி சரியாகக் கிளம்பாது, மாவு அடியில் படிந்து தீயும்.

மூடுவதற்கு முன் வெயிட் போடும் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்தப் பக்கம் தெரிய வேண்டும். கேஸ்கட் விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இதையெல்லாம் எத்தனை வருடம் சமைத்தவரும் தினமும் பார்க்க வேண்டும்.

"எத்தனை விசில்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். விசிலை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது. பெரிய தீயில் விசில் அடுத்தடுத்து வரும், சிம்மில் வராமலே கிடக்கும், சின்னக் குக்கரில் ஒரு கணக்கு, பெரிய குக்கரில் ஒரு கணக்கு. விசில் சொல்வது ஒன்றே ஒன்று, பிரஷர் முழுதாக ஏறிவிட்டது என்று. அதனால் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 8 நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு, பிரஷர் தானாக அடங்கும்வரை தொடாதீர்கள்.

அவசரத்தில் வெயிட்டைத் தூக்கிவிட்டாலோ குக்கரைக் குழாயடியில் காட்டினாலோ என்ன ஆகும் என்றால், அழுத்தம் சட்டென்று இறங்கும், 121 டிகிரியில் இருக்கிற குழம்பு ஒரேயடியாகக் கொந்தளித்துக் கொதிக்கும். கறிக்குள்ளே இருக்கிற சாறும் அப்படித்தான் ஆவியாகி ஓடும். பத்து நிமிடம் பொறுத்தால் கறி தன் சாறோடு நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் சோறோ, நூடுல்ஸோ, டோஸ்ட்டோ எது தொட்டுக்கொள்ளப் போகிறீர்களோ அதை முடித்துவிடலாம். நான் க்ரீமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைப்பதும் அப்போதுதான்.

இப்போது மூடி திறந்தாயிற்று. கறியை மட்டும் தட்டில் எடுத்து மூடி வையுங்கள். குழம்பு தண்ணியாக இருக்கும், பயப்படாதீர்கள். மூடிய பாத்திரத்தில் தண்ணீர் வற்ற வழியே இல்லை, கறியும் வெங்காயமும் விட்ட நீரும் சேர்ந்திருக்கும். திறந்தபடி பெரிய தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுச் சுண்ட வையுங்கள். உப்பைப் பார்க்க வேண்டியது இதற்குப் பிறகுதான், முன்பே சரியாகப் போட்டிருந்தால் சுண்டியதும் கரித்துவிடும். பிறகு கார்ன்ஃப்ளோரைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றி ஒரு கொதி. மாவு வாசனை போக அந்த ஒரு கொதி வேண்டும்.

தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்த பிறகு க்ரீம். நேரே கொட்டாமல், க்ரீம் உள்ள கிண்ணத்தில் ஒரு கரண்டி சூடான குழம்பை ஊற்றிக் கலக்கி, அந்தக் கலவையைக் குக்கரில் விடுங்கள். ஓரத்தில் ஆவி மட்டும் எழ வேண்டும், கொதி வரக் கூடாது.

ஏன் இவ்வளவு பதமாக? பாலிலும் க்ரீமிலும் இருக்கிற புரதம் அதிகச் சூட்டில் நெடுநேரம் இருந்தால், கூடவே உப்போ புளிப்போ சேர்ந்தால், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு கொழுப்பு பிரிந்து மேலே வரும். அட்டைப்பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேலேயே சூடாக்குகிறார்களே என்று கேட்கலாம். அது சில விநாடிதான், உடனே குளிர்வித்துவிடுகிறார்கள், உப்பும் புளிப்பும் அதில் இல்லை. குக்கரில் நிமிடக்கணக்கு. கொழுப்பு கூடக்கூடப் புரதம் குறைவாக இருக்கும், அதனால் 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் நன்றாகத் தாங்கும், 25 சதவீத க்ரீம் கொஞ்சம் கவனித்தால் தாங்கும், வெறும் பால் தாங்கவே தாங்காது. பெட்டியின் பின்பக்கம் எண் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். பாலையும் க்ரீமையும் பிரஷரில் விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சுவையைவிடப் பெரியது. அவை நுரைத்துப் பொங்கும், நுரை போய் ஆவித்துளையை அடைக்கும்.

க்ரீம் கலந்ததும் கறி, காளான், மீதி மிளகு எல்லாம் உள்ளே போகட்டும். இரண்டு நிமிடம் சிம்மிலேயே இருக்கட்டும். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு, சொட்டுச் சொட்டாக. அது இல்லாவிட்டால் நாலு வாய்க்கு மேல் திகட்டிவிடும்.

அத்தை எலும்பிலிருந்து கறியைக் கரண்டியாலேயே வழித்துச் சாப்பிடுகிறார். "இன்னொரு துண்டு வைம்மா" என்று தட்டை நீட்டும்போது எனக்கு அன்றைய அலுப்பு பறந்துபோகும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கெட்டியாக உறைந்திருக்கும், ஜெலட்டின் வேலை அது, கெட்டுப்போனதில்லை. இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு சிம்மில் மெதுவாக இளக்கி, கறி உள்வரை நன்றாகச் சூடேறியதும் இறக்குங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய க்ரீம் மறுநாள் திரிந்துவிடும்.

எலக்ட்ரிக் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு: பெரும்பாலும் அவற்றின் அழுத்தம் 15 பிஎஸ்ஐ-யைவிடக் குறைவு, அதனால் 8 நிமிடத்துக்குப் பதில் 11, 12 வையுங்கள். குறைந்தபட்சத் தண்ணீர் எவ்வளவு என்று அதன் கையேட்டில் இருக்கும், 200 மில்லி போதாமல் போகலாம். அப்படிக் கூட ஊற்றினால், திறந்த பிறகு சுண்டவைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், மாவைக் கூட்டாதீர்கள்.