கடற்பாசிப் புரதம் சர்க்கரையைக் குறைக்குமா?

கடற்பாசிப் புரதம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், தொப்பையைக் கரைக்கும் என்ற செய்தி மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில காலமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் மருந்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், செம்பூரில் மாலை நடைக்குப் போகும்போது யாராவது என்னை நிறுத்தி இதைப் பற்றிக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. செய்தி முழுப் பொய்யல்ல. ஆனால் ஆய்வில் தெரியவந்தது ஒன்று, கடையில் குப்பியில் அடைத்து விற்கப்படுவது வேறொன்று.

நாம் சாப்பிட்டவுடன் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதோடு, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்துப் பசியையும் அடக்குகிறது. டிபிபி-4 என்னும் நொதியோ இந்த ஹார்மோனை ஓரிரு நிமிடங்களிலேயே வெட்டிச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அந்த நொதியைத் தடுப்பவைதான் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் போன்ற, நம் வீடுகளில் பலர் தினமும் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோய் மாத்திரைகள். அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டல்ஸ் என்ற செம்பாசியின் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதை நொதிகளால் சிறு துண்டுகளாகச் சிதைத்து, அந்தத் துண்டுகளுக்கும் டிபிபி-4ஐத் தடுக்கும் திறன் இருப்பதைக் கண்டறிந்தார்கள். ஐசோலூசின், லூசின், அலனின், புரோலின் என்ற நான்கே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடு அவற்றுள் நன்றாக வேலை செய்தது.

எவ்வளவு நன்றாக என்பதைத்தான் வாட்ஸ்அப் செய்திகள் சொல்வதில்லை. நொதியின் செயலைப் பாதியாகக் குறைப்பதற்கு இந்தப் பெப்டைடு லிட்டருக்கு ஏறக்குறைய 43 மைக்ரோமோல் தேவைப்பட்டது. சிட்டாகிளிப்டினுக்கோ சுமார் 18 நானோமோல் போதும். இரண்டும் ஒரே சோதனையில் அளக்கப்பட்டவை அல்ல என்று விட்டுக்கொடுத்தாலும், இடைவெளி ஆயிரம் மடங்கைத் தாண்டுகிறது. அதுவும் சோதனைக் குழாயில் கிடைத்த கணக்கு. வாய்வழியாக உள்ளே போகும் பெப்டைடு, இரைப்பையின் அமிலத்துக்கும் குடலின் செரிமான நொதிகளுக்கும் தப்பி, போதிய அளவில் முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்பது தனிப் பிரச்சினை. விலங்குச் சோதனைகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன என்பதையும் மறுக்க மாட்டேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்துவதற்கு அவை காரணமாகா.

உடல் பருமன் பற்றிய வாக்குறுதியில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். டிபிபி-4 தடுப்பு மாத்திரைகள் உடல் எடையைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. எடையைக் குறைக்கும் செமாக்ளுடைடு ஊசி, அந்த நொதியால் எளிதில் வெட்ட முடியாதபடி மாற்றியமைக்கப்பட்ட ஜிஎல்பி-1 போன்ற மூலக்கூறு. உடலில் இயல்பாகச் சுரப்பதைவிட மிக அதிக அளவில் நின்று செயல்படுவதால்தான் அதற்கு அந்த விளைவு. மாத்திரையாலேயே குறையாத எடை, அதே வழியில் அதைவிடப் பலவீனமாகச் செயல்படும் பெப்டைடால் எப்படிக் குறையும்?

எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், "நம்ம ஊர்க் கடல்ல வெளையறதுதானே தங்கச்சி, சாப்ட்டா என்ன?" என்று கேட்டு, ஒரு குப்பியை என்னிடம் நீட்டினார். ஒரு குளிகையில் 500 மில்லிகிராம் கடற்பாசித் தூள், நாளைக்கு இரண்டு குளிகை என்று எழுதியிருந்தது; எந்தப் பாசி என்று எழுதவில்லை. ஆக மொத்தம் ஒரு கிராம் தூள். உலர்ந்த டல்ஸில் அதிகபட்சம் 35 சதவீதம் வரை புரதம் இருக்கலாம், நோரி என்ற இன்னொரு செம்பாசியில் 47 வரைகூடப் போகும். பழுப்புப் பாசிகளிலோ பெரும்பாலும் 15க்குள்தான். மிகச் சிறந்த பாசி என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு அரை கிராம் புரதம்கூடத் தேறாது. நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராமுக்கு மேல் இருக்கிறது. தவிர, பாசியின் செல்சுவரிலுள்ள கூட்டுச்சர்க்கரைகள் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதைப் பிரித்தெடுத்துச் சிதைக்காமல் வெறுமனே பொடித்து அடைத்ததில் ஆய்வகத்துப் பெப்டைடுகளை எதிர்பார்க்க முடியாது.

அவருடைய ஊர்க் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபம், பாம்பன் பகுதிகளில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ், கராஜீனன் என்ற கூழ்மப் பொருளுக்காகவே வளர்க்கப்படுகிறது. புரதம் அதில் குறைவு. நோன்பு நாட்களில் தாராவித் தோழி வீட்டிலிருந்து எனக்கு வரும் கடற்பாசி இனிப்பும் அகர் என்ற பாசிக்கூழ்தான். புரதக் கணக்கில் அதைச் சேர்க்க இடமில்லை, சர்க்கரைக் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம். (வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.)

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இவ்வளவு பெரிய சந்தை இருக்கும்போது இத்தகைய குப்பிகள் இன்னும் பல வரும். வாங்கியே தீருவது என்பவர்கள், பாசியின் பெயரும் அயோடின் அளவும் அட்டையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கெல்ப் எனப்படும் பெரிய பழுப்புப் பாசிகள் சிலவற்றில் ஒரே கிராமில் அதைப்போலப் பல மடங்கு உண்டு. தைராய்டு கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பதால் வைட்டமின் கே அதிகமாகக் கூடாதவர்களும், மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். ஹிஜிகி என்ற பெயர் அட்டையில் இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பாசியில் நச்சான கனிம ஆர்சனிக் அதிகம்.