நீட் எழுதுகிறவர்களுக்கும் கணித மார்க் வேண்டும்

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை நீட் எழுதினேன். மறுநாள் காலை பிளஸ் டூ ரிசல்ட். இயற்பியல் 88, வேதியியல் 90, உயிரியல் 93, கணிதம் 71. பிளஸ் ஒன்னில் கணிதத்தில் 92 எடுத்தவள் நான். அம்மா அந்த 71ஐ இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

காரணம் எனக்குத் தெரியும். நான் படித்த பயிற்சி மையத்தில், "பிளஸ் டூவில் பாஸானால் போதும், சீட்டு நீட் மார்க்கில்தான்" என்று வருடம் முழுக்கச் சொன்னார்கள். எம்.பி.பி.எஸ். வரைக்கும் அது சரிதான். தரவரிசை 720க்கு எடுக்கும் நீட் மார்க்கை வைத்துத்தான். ஆனால் நீட்டில் இடம் கிடைக்காவிட்டால் எங்கே போவது என்று யாரும் பேசவில்லை. செப்டம்பருக்குப் பிறகு கணித நோட்டை நான் தொடவே இல்லை.

நீட்டில் 412 வந்தது. அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் எங்கள் வீட்டில் பேச்சிலேயே வரவில்லை. நல்லவேளை, அப்பா மே மாதமே பொறியியலுக்கும் விண்ணப்பிக்க வைத்திருந்தார். ஜூன் 13 அன்று நீட் ரிசல்ட் வந்தபோது அந்த விண்ணப்பத்துக்கான நாள் முடிந்திருந்தது. நீட் முடிவு வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். என்னுடையது 71, 44, 45; மொத்தம் 160. இயற்பியலில் இரண்டு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்றுதான் குறையும். கணிதத்தில் போவது அப்படியே முழுதாகப் போகும். பழைய 92ஐயே எடுத்திருந்தால் 181. அந்த 21 மார்க் இடைவெளியில் பல ஆயிரம் பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். கேட்ட கல்லூரி, கேட்ட பிரிவு இரண்டுமே கிடைக்கவில்லை. கட்-ஆஃப் சமமானால்கூட முதலில் பார்ப்பது கணித மார்க்கைத்தான்.

கணிதம் பிடிக்காதவர்களுக்கும் இதே கதைதான். கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.ஃபார்ம் எல்லாம் இங்கே பிளஸ் டூ மார்க்கில்தான். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்குக்கு நாட்டா நுழைவுத் தேர்வு மார்க் பாதி, பிளஸ் டூ பாதி. மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் என்ற தேசிய நுழைவுத் தேர்வின் ரேங்க்தான் என்றாலும், பொதுவாக பிளஸ் டூவில் 75 சதவீதமும் கேட்பார்கள்.

நீட்டுக்கும் பிளஸ் டூவுக்கும் படிக்கும் முறை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். நீட்டில் 180 கேள்விக்கு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். தப்பானால் ஒரு மார்க் கழியும். பிளஸ் டூ இயற்பியலில் ஐந்து மார்க் கேள்வி மட்டும் 25 மார்க்குக்கு வரும். படம், சமன்பாடு, படிகள் எல்லாம் கையால் எழுதிப் பழகியிருக்க வேண்டும். விடை தெரிந்தும் எழுத வராமல் நான் இழந்த மார்க் நிறைய. ஒரு வருட உழைப்பைக் காட்டுவது பிளஸ் டூ மார்க்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்று மணி நேரத் தேர்வில் அன்றைய தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது தம்பி பிளஸ் டூ. அவனும் பயோ-மேத்ஸ்தான். காலையில் ஒரு மணி நேரம் கணிதம், மாலையில் புத்தகக் கேள்விகளுக்கு எழுத்துப் பயிற்சி, ஞாயிறு மட்டும் நீட் மாதிரித் தேர்வு; பொதுத்தேர்வு முடிந்ததும் முழு நேரமும் நீட் என்று பிரித்திருக்கிறோம். போன வாரம், "அக்கா, டாக்டருக்கு இன்டெக்ரேஷன் எதுக்கு?" என்றான். அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 71, 44, 45 என்று எழுதிக் கூட்டிக் காட்டினேன்.