வடிவாய் எழுதுங்கோ

அம்மாவும் அப்பாவும் 1990இல் படகேறி ராமேஸ்வரம் போனவர்கள். நான் பிறந்தது மண்டபம் முகாமில். அவர்களுக்குக் கிளிநொச்சி திரும்பி வந்த ஊர், எனக்குப் புதுநாடு. மொழி ஒன்றுதானே என்ற தைரியத்தில் வந்தேன். முதல் வாரமே கடையில் நோட்டும் ஸ்கேலும் கேட்டேன். "கொப்பியும் அடிமட்டமுமோ? தங்கச்சி இந்தியாவோ?" என்றார் கடைக்காரர்.

நாலு பேரோடு பழகலாமே என்றுதான் பட்டை முனைப் பேனையால் எழுத்தை அழகாக எழுதப் பழக்கும் காலிகிராஃபி பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாள் பேனையே இல்லை. இரண்டு பென்சிலை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டித் தந்தார் டீச்சர். பட்டை முனை எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்று அந்த இரட்டைக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். முனையை 45 பாகையில் சாய்த்து, சாய்வு மாறாமல் கையை மட்டும் நகர்த்த வேண்டும். 'ட' சுலபமாக வந்தது. 'ழ'வில் வளைவோடு என் மணிக்கட்டும் திரும்பி, தடிக்க வேண்டிய இடம் மெலிந்து, எழுத்து நோஞ்சானாக நின்றது.

"அவசரப்படாமல் வடிவாய் எழுதுங்கோ பிள்ளை."

வடிவு! அம்மா வாயில் மட்டும் கேட்ட சொல். பள்ளியில் கேலி செய்வார்கள் என்று நான் 'அழகு' என்று மாற்றிக்கொண்டிருந்தேன். இங்கே சாப்பிடுவதும் வடிவாய், வழி கேட்பதும் வடிவாய்.

பக்கத்து மேசை ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். 'லை'க்கு இன்னும் பழைய ஐகாரக் குறியான யானைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார். தமிழ்நாட்டில் 1978இலேயே எழுத்துச் சீர்திருத்தத்தில் போய்விட்டது அது; என் பாடப்புத்தகங்களில் பார்த்ததே இல்லை. பட்டை முனையில் அந்தத் தும்பிக்கை தடித்து, மெலிந்து, சுருண்டு இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! எனக்கு ஒரு கொப்பிப் பக்கம் முழுக்க எழுதிக் காட்டினார்.

ஆறாவது வாரம் அம்மா, முடைந்த தென்னோலை விற்க, வாசல் படலையில் மாட்ட ஒரு போர்டு கேட்டார். 'கீற்று கிடைக்கும்' என்று எழுதி முடித்த பிறகுதான் பார்த்தார்.

"கீற்றெண்டா இங்க ஆர் வாங்குவினம்? கிடுகெண்டு எழுது."

ஒரு பிரிஸ்டல் போர்ட் வீண். சரி என்று இன்னொன்றில் 'கிடுகு விற்பனைக்கு உண்டு' என்று எழுதினேன். அந்த 'னை'யை மட்டும் ஐயாவின் தும்பிக்கையோடு. அம்மா வாசித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆணி தேடப் போனார். அவர் படித்த காலத்து எழுத்தல்லவா.